பாட்டு முடியட்டும்

அந்தப் படத்தின் சாயம் இன்னும் காயவில்லை. இஷ்பெல் விரல் வைத்துப் பார்த்தாள். ஈரம். யாரும் பார்க்காதபோது விரலை நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது.

ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் பூட்டிக் கிடந்த தேவாலயத்தை வாங்கி, அவளுடைய தம்பி மனைவி ஊனா தேநீர் விடுதியும் ஓவியக் கூடமுமாக மாற்றியிருந்தாள். அடுப்பில் விறகுக்குப் பதில் புகையும் கரிமண் கட்டிகளின் வாசனையும், சூடான ஸ்கோன் ரொட்டியில் உருகும் வெண்ணெயும், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் நாற்றமும் கலந்து கூடம் கதகதப்பாக இருந்தும் இஷ்பெலுக்குக் கால்விரல்கள் விறைத்தன. சுவரெங்கும் ஊனாவின் படங்கள், எல்லாவற்றிலும் ஒரே விரிகுடா. ஜன்னலோர இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற விரிகுடா. அன்று அவள் உட்கார்ந்திருந்த இருக்கை அது.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, இதே தேவாலயத்தில் ஆராதனைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஓய்வுநாளில் துணி காயப்போட்டாலே ஊர் வாயில் விழ வேண்டிய இடத்தில், தம்பி லாக்லன் திருட்டுத்தனமாக மீன் பிடிக்கப் போயிருந்தான். துடுப்பை இழந்து அவன் படகு தத்தளிப்பதை ஜன்னல் வழியே அவள் மட்டும் பார்த்தாள். எழுந்து கத்தியிருந்தால் ஆண்கள் ஓடியிருப்பார்கள், ஆனால் குடும்ப மானம் போயிருக்கும். பாட்டு முடியட்டும், அப்பாவிடம் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். பாட்டு முடிந்தபோது கடலில் எதுவும் இல்லை. இத்தனை வருடமாக நெஞ்சை அரித்ததை இன்று ஊனாவிடம் சொல்லத்தான் வந்திருந்தாள்.

ஊனா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன அண்ணி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க? என் படம் அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"இந்தப் படகு..."

"எந்தப் படகு? நான் வெறும் கடலைத்தான் வரைவேன். படகு வரைய எனக்கு மனசு வருமா, சொல்லுங்க."

இஷ்பெல் மறுபடி பார்த்தாள். தொலைவில், நகக்கண் அளவில், படகு இருந்தது. அதில் ஒருவன் நின்றிருந்தான்.

"ஊனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். லாக்லனைப் பத்தி."

"சொல்லுங்க அண்ணி."

பக்கத்து மேஜைப் பெண்கள் நாளைய ஆராதனைக்காகப் பாடிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தி வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை இழுத்து இழுத்துப் பாடினார்கள். ஊரே காது கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது?

"பாட்டு முடியட்டும்," என்றாள் இஷ்பெல்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

அடுத்த படத்தில் படகு பெரிதாக இருந்தது. பாட்டில் ஒரு வரி நகர்ந்தது. அதற்கடுத்த படத்தில் அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டை தெரிந்தது. அவள் பின்னிக் கொடுத்தது. இன்னொரு வரி. ஜன்னலை ஒட்டி மாட்டியிருந்த கடைசிப் படத்தில் படகு கரையேறியிருந்தது.

படகில் யாரும் இல்லை.

ஊனாவைக் கூப்பிட வாயெடுத்தாள். பக்கத்து மேஜையைப் பார்த்து மூடிக்கொண்டாள். எங்கோ தண்ணீர் சொட்டியது. யாரும் திரும்பவில்லை. பாட்டு முடியக் கூடாது. கர்த்தரே, முடியவே கூடாது.

கடைசி வரியை எடுத்துக் கொடுத்தாள் அந்தப் பெண்.

ஜன்னலுக்கு வெளியே, இருட்டிக்கொண்டு வந்த மாலையில், லாக்லன் நின்றிருந்தான். கை கண்ணாடியில் பதிந்திருந்தது. திறந்த வாயிலிருந்து கடல்நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவன் தட்டவில்லை, கூப்பிடவில்லை. அக்காவையே பார்த்தபடி, பாட்டு முடியக் காத்திருந்தான்.