உள்பக்கக் கைப்பிடி

காலையில் எழுந்தான். பால் காய்ச்சினான். மகளை எழுப்பிப் பல் தேய்க்க வைத்தான். சீருடைக்கு இஸ்திரி போட்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அவளை முழங்கால்களுக்கு நடுவே நிற்க வைத்துத் தலை வாரினான். மனைவி போனதிலிருந்து இது அவன் வேலை. சிக்கெடுக்க அவனுக்குத் தெரியாது. சீப்பு பட்டதுமே வீடு இரண்டுபடும்படி அழுவாள். அழுகையோடுதான் பின்னல் முடியும்.

இன்று அழவில்லை. சிக்கில் சீப்பு மாட்டி, முடி கொத்தாகப் பிய்ந்து வந்தது. அப்போதும் இல்லை. கண்ணாடியில் பார்த்தான். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“வலிக்கலையா பாப்பா?”

தலையை ஆட்டினாள். ஆமென்றா இல்லையென்றா, தெரியவில்லை.

“பாத்தீங்களா மாப்பிள்ளை?” கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “எல்லாம் நம்ம வண்டி வந்த ராசி. அவங்கம்மாவும் இப்படித்தான். அந்த வண்டியில ஏத்தினாப் போதும், வாயே திறக்க மாட்டா. அவ்வளவு சமத்து.”

அவன் பின்னலை முடித்து ரிப்பன் கட்டினான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று இந்த வீட்டிலேயே தங்கிவிட்டவன். வீட்டோடு மாப்பிள்ளை, வீட்டுக்காரி இல்லாமல்.

மாமனாரோ, பெற்ற மகள் நோயில் கிடந்தபோது, இடுப்பு வலிக்கிறது என்று அரைமணியில் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிவிடுகிற மனிதர். அவள் செத்த பிறகு, இளமையில் வைத்திருந்து விற்ற ஒரு காரைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். இடுப்பு வலிக்கவில்லை. ஏதோ ஒரு தோட்டத்தில், கோழிகள் முட்டையிடும் கூண்டாக அது கிடந்தது. பின்கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்ததுமே ‘நம்ம வண்டிதான்’ என்று கண் கலங்கிவிட்டாராம். கோழி எச்சத்தில் கை வைத்தால் எவனுக்கும்தான் கண் கலங்கும்.

“அவளோட கடைசி ஆசை,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். “கண்ணு மூடுறப்போ ‘அப்பா’ன்னு கூப்பிட்டா. ‘அந்தக் காரு’ன்னா. என் காதால கேட்டேன்.”

அவர் அப்போது அறை வாசலில் நர்ஸோடு பேசிக்கொண்டிருந்தார். ‘அப்பா’ மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும். முழுதும் கேட்டவன் கட்டிலருகே நின்ற இவன் ஒருவன்தான். காரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தான். கிழவரைத் திருத்தத் தெம்பில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன ஆகப்போகிறது.

கார் பின்கட்டு ஷெட்டில் ஏறியது. டிங்கர் வேலை, பெயின்ட், புது ரெக்சின். பின்கதவுகளுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை என்று மெக்கானிக் தேடிப்பிடித்து வாங்கிவந்து பொருத்தினான். மாமனார் அன்றே கழற்றச் சொன்னார்.

“பழையபடியே இருக்கணும்ப்பா. அப்பவே நான்தான் கழட்டினேன். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு. ஓடுற வண்டியில திறந்துட்டா?”

“கண்ணாடி இறக்குற பிடியையும் சேத்தா சார் கழட்டினீங்க?” என்றான் மெக்கானிக். “பிள்ளையக் கூட்டிட்டுப் போனீங்களா, திருடனக் கூட்டிட்டுப் போனீங்களா?”

மாமனார் சிரிக்கவில்லை. இவனுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

மகள் அழாமல் தலை வாரிக்கொண்ட அன்றே சாயங்காலம் மழை விட்டிருந்தது. வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவனுக்கு, சமையலறைக் குழாய் சொட்டுவதும், ஃபிரிட்ஜ் முனகுவதும், ஷெட்டின் தகரத்திலிருந்து நீர் வழிந்து வாளியில் விழுவதும் தனித்தனியாக, காதுக்குள் வைத்து ஒலித்ததுபோல் கேட்டன. மகள் சத்தம் மட்டும் இல்லை. பின்வாசலைத் திறந்தான். புதுப் பெயின்ட், தின்னர், ரெக்சின் எல்லாம் கலந்து அடித்த வாடைக்கு அடியில், மூடிய இடத்தில் வெகுநேரம் கிடந்த பிள்ளையின் வியர்வையும் மூத்திரமும் புளித்த இன்னொரு வாடை இருந்தது.

மாமனார் காருக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா எங்க மாமா?”

“உள்ளதான் இருக்கா. பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும் ஒரே அழுகை. இப்பப் பாருங்க, சத்தமே இல்ல.”

பின்கதவுக் கண்ணாடி உள்ளிருந்து வெளுத்திருந்தது. மூச்சுக் காற்று படிந்த வெளுப்பு.

வெளிக் கைப்பிடியைத் திருகி இழுத்தான். அவ்வளவு அகலமான சீட்டில் மகள் இந்த ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மீதி இடத்தை யாருக்கோ விட்டது மாதிரி. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அள்ளித் தோளில் போட்டான். பாவாடை நனைந்திருந்தது. கதவு தன் கனத்தில் மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

“மெதுவாப் பேசுப்பா,” என்றாள் காதோரம். “அழுதா தாத்தா திறக்க மாட்டாராம். அக்கா சொன்னா.”

“எந்த அக்கா?”

“உள்ள இருக்காளே, அந்த அக்கா. அவ ரொம்ப நாளா அழாமத்தான் இருக்காளாம். அப்பவும் திறக்கலையாம்.”

அவன் காரைப் பார்த்தான்.

கண்ணாடியின் வெளுப்பு கலையவில்லை. இன்னும் அடர்ந்தது. விட்டு விட்டு. மூச்சு வாங்குகிற கணக்கில்.

ஒரு உள்ளங்கை வந்து பதிந்தது. சின்னக் கை. மகளுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

கை கீழே வழுக்கியது. கண்ணாடி முடிகிற இடம்வரை. அதற்கும் கீழே.

தேடுகிற சத்தம். நகம் ரெக்சினில் இழுபடுகிற சத்தம். ஸ்குரூ இருந்த ஓட்டையில் விரல் மாட்டுகிற சத்தம். மறுபடி. மறுபடி.

மாமனார் திரும்பவில்லை. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. வலது கை மட்டும் பின்னால் போய், கதவை ஓங்கித் தட்டியது. பழகிய கை. எட்டும் தூரம் தெரிந்த கை.

“சத்தம் வரக் கூடாது,” என்றார்.

பேத்தி இவன் தோளில் இருந்தாள். மூச்சுக்கூட விடாமல்.

நகத்தின் சத்தம் நின்றது.

வெளிக் கைப்பிடி இவனுக்கு எட்டும் தூரம்தான். கை நீளவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. பிள்ளைக் குரல். மனைவி கண் மூடியபோது கட்டிலருகே நின்று இவன் கேட்ட அதே சொற்கள், எழுத்துப் பிசகாமல்.

“அப்பா, இனிமே அழ மாட்டேன். கதவைத் திறப்பா.”