வீரமலைக்கு எள்ளும் தண்ணீரும்

செல்போன் அடித்தது.

திரையில் பெயர்... வீரமலை!

காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்த எம்.எல்.ஏ. முருகானந்தம் எடுக்காமலே போனைப் பைக்குள் திணித்தார். வீரமலை காணாமல் போய்ப் பத்து வருஷம். ஊருக்கும் போலீசுக்கும்தான் அவன் காணாமல் போனவன். செத்துப்போனவன் என்பது முருகானந்தம் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒன்பது நாளாகக் காலை பத்து மணிக்கு அதே நம்பர். கல்யாண வீட்டில், கட்சி ஆபீஸில், திருச்சி ஜங்ஷனில்... எங்கே இருந்தாலும் அடிக்கும். அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை. எடுத்தால் எந்தக் குரல் கேட்குமோ?

வாழைத்துறைத் தொகுதிக்குக் கட்சி முதலில் அறிவித்த வேட்பாளர் வீரமலைதான். பச்சைமலைக்காரன், நல்லவன். மனுத்தாக்கலுக்கு முதல் நாள் ஆளைக் காணோம். கூடவே சுற்றிய சிநேகிதன் முருகானந்தத்துக்கு சீட் வந்தது. அப்புறம் ஏறுமுகம்தான். மூன்று தேர்தல், மூன்று வெற்றி. வருகிற திங்கட்கிழமை மந்திரிப் பதவி!

பெயரைச் சொல்லாமல் ஜோசியரிடம் கேட்டுப் பார்த்தார். ஆத்மா அலைகிறது, பதவியேற்புக்கு முன் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடு என்றார் ஜோசியர்.

அதனால்தான் இந்த அமாவாசைக் காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம்.

படித்துறையில் நல்ல கூட்டம். முசிறி, தொட்டியம் பஸ்களில் வந்த அவருடைய ஓட்டர்களே பாதிப்பேர். படியோரம் ஒரு பெண்ணிடம் அகத்திக்கீரை வாங்கி மாட்டுக்குக் கொடுத்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. தேர்தல்தான் முடிந்துவிட்டதே!

ஐம்பது பேருக்கு மொத்தமாக மந்திரம் சொல்லி முடித்த வாத்தியார், எம்.எல்.ஏ.வின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"யாருக்குப் பண்ணணும்?"

"சிநேகிதனுக்கு."

"பேஷாப் பண்ணலாம். பேர் சொல்லுங்கோ."

முருகானந்தம் சுற்றிப் பார்த்தார். துப்பாக்கியோடு காவலுக்கு வந்த போலீஸ்காரர் அற்புதசாமி பத்துப் படி தள்ளி நின்றார். முருகானந்தம் வாத்தியாரின் தோளோரம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"வீரமலை."

'வீரமலை...' என்றது மண்டபம்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வந்துவிட்டான்! தூண்களுக்கு நடுவே எங்கேயோ நிற்கிறான்!

"தகனம் முறைப்படி ஆச்சோ?"

"இல்ல சாமி..." வார்த்தைகள் பயத்தில் கொட்டின. "தொட்டியத்துல ஒரு வாழைத்தோப்பு. அங்க பாழுங்கிணத்துல அவனைத் தள்ளி, மண்ணைப் போட்டு மூடிட்டேன். என்னை விடமாட்டேங்கிறான். எப்படியாவது அனுப்பி வெச்சிடுங்க."

வாத்தியாரின் கையிலிருந்த எள் சிதறியது.

படித்துறை முழுக்கத் தலைகள் அவர் பக்கம் திரும்பின. முங்கி எழுந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார்கள்.

போன் மறுபடி அடித்தது. வீரமலை!

கீரைக்காரி எழுந்து நின்றாள். அவள் காதில் ஒரு பழைய போன். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

வள்ளிக்கண்ணு... வீரமலையின் மனைவி!

"அன்னிக்கு அவரு போனை வீட்ல மறந்துட்டுப் போயிட்டாருண்ணே. என்னிக்காவது அவரே இதுல கூப்பிடுவாருன்னு பத்து வருஷமா ரீசார்ஜ் பண்றேன். நீங்க மந்திரியாகப் போறீங்கன்னாங்க. தேடித் தரச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

போனைக் காதிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"காணாமப் போன சிநேகிதன் நம்பர்லேர்ந்து போன் வந்தா, எங்கடா இருக்கேன்னு ஓடிவந்து எடுக்க மாட்டாங்களாண்ணே? நீங்க எடுக்காதப்பவே எனக்கு பயம் வந்துடுச்சு."

புறங்கையால் பொட்டை அழித்தாள். பத்து வருஷமாக அவளுக்கு உயிரோடு இருந்தவன் இப்போதுதான் செத்தான். வாய்விட்டு அழுதாள்.

முருகானந்தம் உளறினார். "நான் வாத்தியார்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

அற்புதசாமி இறங்கி வந்தார். வாத்தியாரின் மேல்துண்டில் குத்தியிருந்த குட்டி மைக்கைக் காட்டினார். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மண்டபம் முழுக்க ஸ்பீக்கர்கள்.

"பத்து வருஷமா மைக்ல பேசுறீங்கய்யா. இன்னிக்குத்தான் உண்மையைப் பேசியிருக்கீங்க. வாங்க, போகலாம்."