மூன்றாவது சிலிண்டர்

“திக்குதா?”

“எ... என்ன சொன்னீங்க?”

“திக்குதான்னு கேட்டேன். முதல்லேருந்தேவா, இடையில வந்ததா?”

அவன் முகம் கன்றிப்போனது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தான். பானட்டுக்குள் குனிந்திருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஈர மண்ணின் நிறத்தில் இரண்டு கண்கள்... அவற்றில் அவ்வளவு கோபம்.

“இ... இதுக்கெல்லாம் ப... பதில் சொல்ல நான் வரல.”

“கொஞ்சம் நில்லுங்க, அந்த விளக்கு...”

அவள் முடிப்பதற்குள் பானட்டை அறைந்து மூடி, பின்சீட்டில் நாற்றுத் தொட்டிகள் ஆட ஆட, வண்டியை வெளியே எடுத்துப் போய்விட்டான்.

பட்டறையில் நின்ற வேறொரு காரின் அடியிலிருந்து அவள் அப்பாவின் தலை மட்டும் வெளியே வந்தது. “என்னம்மா, வந்தவரை விரட்டிட்டியா?”

“எஞ்சின் திக்குதான்னுதாம்பா கேட்டேன்.”

“அவருக்கே திக்கும்மா. பேசினாரே, நீ கேக்கலையா?”

“இல்லப்பா... நான் எஞ்சினைக் கேட்டுட்டிருந்தேன்.”

அதற்குப் பிறகு பத்து நாட்கள் அந்தக் கண்கள் அவளை வேலை செய்ய விடவில்லை. நட்டை முறுக்கினால் வந்தன. கை கழுவினால் வந்தன. ‘கேலி பண்ணிட்டேன்னு நினைச்சிட்டாரே...’

பதினோராம் நாள், நல்ல மழை. ஒரு சரக்கு வேன் கயிறு கட்டி அந்தக் காரை இழுத்து வந்தது. தலையிலிருந்து நீர் சொட்ட இறங்கியவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

“மே... மேட்டுல ஏறவே இல்ல. ம... மத்த பட்டறை எல்லாம் மூடியிருக்கு.”

“எங்களுக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.”

அவன் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா? உடனே மறைத்துக்கொண்டான்.

ஸ்கேனரைச் சொருகினாள். மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்றது. அதற்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டிப் பார்த்தாள். திக்கலும் கூடவே இரண்டாவதற்கு நகர்ந்தது. ஆக, கோளாறு காயிலில்தான். ஆனால் அதோடு முடியவில்லை. சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தாள். காற்று வருகிறதா என்றே தெரியவில்லை. அடியில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டினாள். உள்ளே கலகலவென்றது.

“காயில் பொறி கொடுக்கல. எரியாத பெட்ரோல் பின்னால போய் கன்வெர்ட்டர்ல எரிஞ்சிருக்கு. உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும்... உருகி அடைச்சிடுச்சு. வண்டியால மூச்சு விட முடியல.”

“அ... அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்ல வந்தேன். டேஷ்போர்டுல எஞ்சின் விளக்கு சிமிட்டினா ஓட்டக் கூடாதுன்னு. நீங்க நிக்கல.” அவள் குரல் தாழ்ந்தது. “நான் வண்டியைத்தான் கேட்டேங்க. எஞ்சின் விட்டுவிட்டு ஓடினா எங்க பட்டறையில திக்குதுன்னுதான் சொல்லுவோம். உங்க பேச்சு என் காதுலயே விழல. சத்தியமா.”

மழை தகரக் கூரையில் தாளம் போட்டது. அவன் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான்.

“அப்போ மு... முதல்லேருந்தேவான்னு கேட்டது?”

“அதுவும் வண்டியைத்தான்.”

“எ... எனக்கு முதல்லேருந்தேதான்.” சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மூக்கில் கிரீஸ் இருப்பதைக்கூட மறந்து சிரித்தாள்.

புதுக் கன்வெர்ட்டர் வியாழக்கிழமைதான் வரும். அவன் செவ்வாயும் வந்தான், புதனும் வந்தான்.

“பா... பார்ட் வந்துடுச்சா?”

“வியாழன்னு சொன்னேனே.”

“தெ... தெரியும்.”

வியாழன் மாலை எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. சாவியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“இ... இது இன்னைக்கு சரியாகக் கூடாதுன்னு நினைச்சேன். சரியாயிட்டா இங்க வர ஒரு கா... காரணம் இல்லையே.”

அவளுக்குக் காதுவரை சூடானது. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நா... நாளைக்கு வண்டி வேணாம். ந... ந...”

சொல் அங்கேயே நின்றது. அப்பா அதை எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அப்பா பேசாமல் காருக்கு அடியில் போய்விட்டார். அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும், அவனுடைய சொல் அவன் வாயிலிருந்தே வரட்டும்...

“நடந்தே வரேன். அஞ்சு மணிக்கு. என்கூட... கொ... கொஞ்ச தூரம் நடக்க வரீங்களா?”