நாரைக்கு எண்ணத் தெரியாது

ஜெனிட்டா துடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

ஆனாலும் அவள் கழுத்தை இறுக்கிய கேமரா வாரை ஹேமந்த் விடவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்வது அவனுக்குப் பிடிக்காது!

முழங்கால் ஆழத் தண்ணீர். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் நாவலஞ்சேரி ஏரி. கருவேல மரங்கள் நிறைய மஞ்சள்மூக்கு நாரைகள், கூடும் குஞ்சுமாக.

ஒரு நாரைகூட எழும்பவில்லை!

எப்படி எழும்பும்? சண்டை முழுக்கக் கிசுகிசுப்பில் அல்லவா நடந்தது! இருவரும் ஒரே இயற்கைப் பத்திரிகையின் போட்டோகிராபர்கள். பறவை மிரளாமல் பேசிப் பேசி, திட்டுவதைக்கூடக் காதோடு காதாகத் திட்டப் பழகியவர்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவள் அவனை, ஒளிந்திருந்து படம் எடுக்கும் மறைவுக் கூடாரத்துக்கு வெளியே இழுத்து வந்தாள்.

"வெளிய வா. வெளிச்சத்துல நல்லா பாரு. இது இன்னா ஹேமந்த்?"

அவள் கையில் ஒரு நாரைக் குஞ்சு. செத்து விறைத்திருந்தது. கால் விரல்களில் பசை... பசையோடு பிய்ந்து வந்த மரப்பட்டை!

"ஆடிகினே இருந்துச்சு. ஃபோகஸ் நிக்கல. கொஞ்சூண்டு பசை வெச்சேன். அதுக்கு இன்னா இப்போ?"

"ஒட்டுனியே, எடுத்து வுட்டியா? அப்படியே நின்னுகினே செத்துகீது! நீயெல்லாம் மனுசனா?"

"ஒரு குஞ்சு போச்சு... போகட்டுமே! அந்தப் படம் அட்டையில வந்தா ஊரே பேசும். ஏரி சரணாலயம் ஆயிடும். இல்லாங்காட்டி வில்லா கட்டுறவன் மண்ணு கொட்டி மூடிடுவான். எது பெருசு? நீயே சொல்லு!"

"அந்தப் படம் அட்டையில வராது. நான் வுட மாட்டேன்."

அட்டை! அவன் வாழ்க்கையிலேயே முதல் அட்டைப்படம்...

அவள் திரும்பினாள்.

அவன் வாரை வீசினான்.

கடைசி நேரத்தில் அவள் கையை நீட்டினாள். கொஞ்சம் தள்ளி நின்ற பழைய கூடாரத்தின் பக்கம். அது கிழிந்துபோனது, காலியாகக் கிடப்பது. அதற்குப் பின்னால் இருந்த கூட்டைத்தான் காட்டுகிறாள் என்று நினைத்தான்.

'சாகும்போதுமா குஞ்சு நினைப்பு!' எரிச்சலாக வந்தது.

உடலைத் தங்கள் புதுக் கூடாரத்துக்குள் உட்கார வைத்து, மடியில் அவள் கேமராவையும் வைத்தான். பின்பக்கத் துணியை இழுத்து மூடினான். செத்த குஞ்சைச் சேற்றில் மிதித்து அமுக்கினான்.

பிறகு சாவகாசமாகக் கரையேறினான்.

ஏரிக் காவலாளி மணி பீடியை மறைத்தார்.

"இன்னா தம்பி, நீ மட்டும் வர்றே? பாப்பா வர்ல?"

"உள்ள படம் புடிச்சுகினு கீது. சாயங்காலம் நான் வந்துதான் கூட்டிகினு போவேன். அதுவரைக்கும் யாரையும் கிட்ட வுட்றாதண்ணே!"

"தெரியும்ப்பா. ரெண்டு பேர் போய் ஒர்த்தர் வந்துட்டா, கூடாரம் காலின்னு நார நெனச்சுக்கும். அதானே? ஏமாந்த பறவ!"

ஹேமந்த் சிரித்தான். மனம் விட்டுச் சிரித்தான்!

அன்று மதியம் மாமல்லபுரத்தில் பத்திரிகையின் புகைப்படக் கண்காட்சி. சால்வை போட்டார்கள். அவன் பேசினான்.

"ஒரு நல்ல படம் ஒரு காட்டையே காப்பாத்தும்!"

கைதட்டல் அடங்க நேரமானது.

எடிட்டர் வெங்கடராகவன் மட்டும் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. கிழவருக்கு மூட்டுவலி போலிருக்கிறது என்று ஹேமந்த் விட்டுவிட்டான்.

சாயங்காலம். திட்டப்படி ஏரிக்கு வந்தான். திட்டப்படி கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான். திட்டப்படி அலறினான்...

அப்போதுதான் நாரைகள் மொத்தமாக எழும்பின!

செங்கல்பட்டிலிருந்து ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஏசுபாதம் பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். உடலைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். ஹேமந்தைப் பார்த்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"அந்த வில்லாக்காரனுங்கதான் சார்! போன வாரம்கூட மெரட்டுனாங்க..."

"காலைல ரெண்டு பேர் போனீங்க. நீங்க மட்டும் வந்தீங்க. காவலாளி சொல்றார்."

"அது எங்க தொழில் வழக்கம் சார். ரெண்டு பேர் உள்ள போவோம். ஒருத்தர் வெளிய வந்துடுவோம். நாரைக்கு எண்ணத் தெரியாது. எல்லாரும் போயாச்சுன்னு நெனச்சுகினு பழையபடி கூட்டுக்கு வந்துடும்."

"உள்ள இருக்கறவர்?"

"கூட்டிகினு போக ஆள் வர்ற வரைக்கும் அசையக் கூடாது. போனையும் ஆஃப் பண்ணிடணும். எத்தினி நேரம் ஆனாலும் அப்படியே குந்திகினு இருக்கணும்."

"பொறுமைதான்!"

"பழகிடும் சார்."

சர்ர்ர்...

பழைய கூடாரத்தின் ஜிப் மெதுவாகத் திறந்தது!



முதலில் ஒரு லென்ஸ் வந்தது. பின்னாலேயே, மரத்துப்போன காலை இழுத்தபடி எடிட்டர் வெங்கடராகவன்!

"கூப்பிட வர்றேன்னு சொன்ன பொண்ணு போயிட்டா. அதான் இவ்ளோ நேரம் உட்கார்ந்துட்டேன். இனிமே வெளியில வரலாமில்லையா?"

"சார்... நீங்க... எப்போ உள்ள..."

"விடியறதுக்கு முன்னாடியே, காவலாளி வர்றதுக்குள்ள. ஜெனிட்டா கொண்டுவந்து விட்டுட்டு அவ மட்டும் கரைக்குப் போனா. நீ குஞ்சை ஒட்டுனதை ஒத்துக்கறதை நான் கண்ணால பார்க்கணும்னு சொன்னா."

காலையில் ஜெனிட்டா ஈரக் காலோடு கரையில் நின்றது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவளை மட்டும் பார்த்தான். கூடாரம் காலி என்று நினைத்தான்... நாரையைப் போலவே!

அந்த நீட்டிய கை...

வெங்கடராகவன் கேமராவின் திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினார். வார். கழுத்து. அகன்ற கண்கள். நேராக லென்ஸைப் பார்த்து நீண்ட கை. எல்லாமே துல்லியம்!

"பார்த்துகினேவா இருந்தீங்க?" ஹேமந்த் கேட்டான். "ஒரு சத்தம் போட்டிருந்தா நான் வுட்டிருப்பேனே சார்!"

"சத்தம் போட்டா நாரையெல்லாம் எழும்பிடும். வெயில்ல குஞ்சுகள் சுருண்டு செத்துடும். படம் எடுக்கறவன் குறுக்கே போகக் கூடாது. சிறுத்தை மானைப் பிடிச்சா தடுப்போமா?"

இன்ஸ்பெக்டர் கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். இத்தனை வருட சர்வீஸில் பல கொலைகாரர்களைப் பார்த்தவர், இப்படி ஒரு சாட்சியைப் பார்த்ததில்லை.

வெங்கடராகவன் எட்டித் திரையை ஆசையாகத் துடைத்தார்.

"குஞ்சு படத்தை அட்டையிலேர்ந்து தூக்கியாச்சு. அட்டை காலியாத்தான் இருக்கு. 'ஏரிக்காக உயிர்விட்ட பெண்'னு போட்டா... இந்த ஏரியை எவனாலயும் தொட முடியாது! கேமராவைக் குடுங்க இன்ஸ்பெக்டர். காப்பி எடுத்துட்டுத் தர்றேன்."

ஏசுபாதம் கேமராவைக் கான்ஸ்டபிளிடம் நீட்டினார். ஹேமந்தின் சட்டைக் காலரை ஒரு கையில் பிடித்தார். இன்னொரு கையில் எடிட்டரின் காலர்!

"நான் சாட்சி சார்! என்னை எதுக்கு ஜீப்புல..."

"ரெண்டு பேரும் ஏறுங்க சார். ஆனா ஒண்ணு, உள்ள போன ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளிய வர்ற வழக்கமெல்லாம் எங்க கூடாரத்துல கிடையாது. எங்களுக்கு எண்ணத் தெரியும்!"