வாலுவின் கைத்தாள்

செருப்புச் சத்தம் ஒரு பக்கம் கேட்டது. குழந்தையின் பதில் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது.

அவள் சமையலறை வாசலில், கையில் தட்டோடு அப்படியே நின்று காதைத் தீட்டினாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்கு ஈடாக அவளுக்குப் பாம்புச் செவி என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அழுத்தினால் கீச்சென்று கத்தும் செருப்பை மகளுக்கு வாங்கிப் போட்டதும் அவள்தான். ஐந்து வயது வாண்டு எங்கே ஓடுகிறது, எதன் மேல் ஏறுகிறது என்று அந்தச் செருப்பே கோள் சொல்லிவிடும். அது இப்போது படுக்கையறைப் பக்கம், எங்கேயோ ஆழத்தில், கீச்... கீச்... என்றது. ஆனால் "வாலு, சாப்பிட வா" என்று கூப்பிட்டதற்கு, "பசிக்கலம்மா" என்ற குரல் கூடத்து மூலையிலிருந்து, வெகு பக்கத்தில் வந்தது.

"செருப்பு எங்கடீ?"

"கழட்டிட்டேன்."

"அப்ப அங்க கீச்சுக் கீச்சுன்னு கத்துறது யாரு?"

"எலிம்மா."

எலியாம். புது வீட்டுக்கு நேற்றுச் சாயங்காலம்தான் குடி வந்திருந்தார்கள். எலியும் இருக்கும், அதன் பாட்டியும் இருக்கும், யார் கண்டது? பார்வை இல்லாதவளுக்கு வீடு என்பது மனப்பாடம். இந்த வீட்டில் அவள் இன்னும் முதல் பாடத்தையே தாண்டவில்லை. புதுச் சுண்ணாம்பு வாடை, அதற்கடியில் வெகுநாள் மூடிக்கிடந்த மரத்தின் வாடை, குளியலறையில் எப்போதோ சொட்டும் குழாய், சுவரைத் தடவினால் உள்ளங்கையில் ஒட்டும் ஈரம் என்று எல்லாமே அந்நியமாக இருந்தன. காலையில் அவள் கணவர் மிச்சச் சாமான்களை ஏற்றிவர லாரியில் கிளம்பியபோது, வாலு வாசல்வரை கீச்சிட்டுக்கொண்டே ஓடி டாட்டா காட்டினாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை ஒரு மாதிரி ஆகிவிட்டாள். எந்நேரமும் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறவள், இன்றைக்கு மருந்துக்குக்கூட மேலே வந்து விழவில்லை. கையைப் பிடிக்கப் போனால் "அழுக்கும்மா" என்று நழுவினாள், தலையைத் தடவப் போனால் "வேர்க்குதும்மா" என்று நழுவினாள். பழைய வீட்டை விட்டு வந்த கோபம், சரியாகிவிடும் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. அவர்தான்.

"தாளெல்லாம் படிச்சியா?"

"எந்தத் தாளுங்க?"

"அடக் கடவுளே! கம்ப்யூட்டர் பக்கத்துல பென் டிரைவ் வச்சிட்டு வந்தேனே. வீட்டை அறை அறையா எழுதி வச்சிருக்கேன். அச்சகத்துல மெஷின் படுத்துடுச்சு, அதான் தாள்ல அடிக்காம அச்சுக்கோப்பாவே சேமிச்சு எடுத்துட்டு வந்தேன். அதைப் படிக்காம வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டிருக்கியா நீ?"

அவர் பிரெய்ல் புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்த்தார்; அவள் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். எந்தப் புது இடமானாலும் முதலில் தான் போய்ப் பார்த்து, கதவு எங்கே, படி எங்கே, இடித்துக்கொள்ளும் மேசை முனை எங்கே என்று புள்ளி எழுத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குக்கூட அப்படித்தான் கொடுத்தார். அவர் தாளில் எழுதிய இடத்தில் அவள் ஒருநாளும் தடுக்கி விழுந்ததில்லை.

"என்னங்க, பிள்ளை ஒரு மாதிரி இருக்கா. இந்த வீட்டுல சத்தம் வேற கேக்குது."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"எனக்குக் கண்ணே இல்ல, அரள்றது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் சிரித்தார். "சரி, கேட்டுக்கோ. கோப்பைத் திறந்து பாக்காத, குப்பையாத்தான் வரும். அச்சுக்கோப்போட பாஷை பிரிண்டருக்கு மட்டும்தான் புரியும். நம்ம பிரெய்ல் பிரிண்டரோட யுஎஸ்பி வயரைச் சொருகிட்டேன். பிரிண்டருக்கு 'இடி'ன்னு பேர் வச்சு ஷேர் பண்ணியிருக்கேன். காப்பி கட்டளை குடுத்து, கோப்பை அந்தப் பேருக்கு அனுப்பு. அது பாட்டுக்கு அடிச்சுத் தள்ளும். கடைசிக் கோப்பு உனக்குப் பரிசு."

"கைத்தாளா?"

"போன வாரம்தான் எடுத்தேன். தொட்டுப் பாரு, எப்படி வளந்திருக்கான்னு."

ஒவ்வொரு வருஷமும் வாலுவின் கையைத் தாளில் வைத்து ஓரம் வரைந்து, அதை அதே அளவில் புள்ளிகளாக்கிக் கொடுப்பார். மற்ற அம்மாக்கள் புகைப்படம் பார்ப்பார்கள். அவளுக்கு அந்தத் தாள்கள் போதும்.

தொலைபேசியை வைத்த பிறகு, பென் டிரைவைச் சொருகி, சொன்ன பேச்சைக் கேட்காமல் முதல் கோப்பைத் திறந்துதான் பார்த்தாள். கணினியின் குரல் சதுரக்குறி, பூஜ்யம், சாய்கோடு என்று வாய்க்கு வந்ததை உளறியது. மூடிவிட்டு, அவர் சொன்னபடி அனுப்பினாள். இடி பெயருக்கு ஏற்ற மாதிரி இடித்தது. மேசை குலுங்கியது, அந்தச் சத்தத்தில் வீட்டின் மற்ற சத்தங்கள் எல்லாம் முழுகிப் போயின.

கூடத்துத் தாள் சூடாகக் கைக்கு வந்தது. வாசலுக்கு நேரே சன்னல், இடப்பக்கம் மேசை, முனை கூர்மை, உன் நாக்கு மாதிரி. அவள் தனியே சிரித்துக்கொண்டாள். அடுத்தது சமையலறை. அடுப்புக்கு மேலே அலமாரி, நிமிர்ந்தால் மண்டை உடையும், உடைந்தால் நான் பொறுப்பல்ல.

இடி நின்றதும், சுவருக்கு அந்தப் பக்கம் கீச்... என்றது. முன்பைவிட மெதுவாக. இரண்டு கீச்சுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது.

மூன்றாவது, படுக்கையறை. கட்டில், சன்னல், துணி அலமாரி என்று ஓடிய விரல் ஒரு வரியில் நின்றது. கட்டிலின் தலைமாட்டில் மரத்தடுப்பு மாதிரி தெரிவது தடுப்பல்ல, இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டிக் கதவு. அதற்குத் தனித்தாள் இருக்கிறது, கட்டாயம் படி.

கீச் சத்தம் அந்தத் தலைமாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா படிக்கிற?"

குரல் தோளுக்குப் பின்னால் கேட்டது. கூடத்து மூலையிலிருந்து அங்கே வந்த காலடி அவள் காதில் விழவே இல்லை.

"அப்பா எழுதினது, தங்கம்" என்றாள். நாலாவது குளியலறைதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டி, ஐந்தாவது கோப்பை அனுப்பினாள். இடி முழுக்க இடித்து முடிக்கும்முன்பே தாளின் தலைப்பகுதியைத் தடவ ஆரம்பித்தாள்.

பழைய சாமான் அறை. சன்னல் கிடையாது. கதவு கனம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே மாட்டிக்கொண்டால் திறக்க வழியே இல்லை. வாலுவை இந்தப் பக்கம் விடாதே. பூட்டு வாங்கிவந்து மாட்டுகிறேன்.

"வாலு?"

"இங்கதாம்மா இருக்கேன்."

பிள்ளை இங்கேதான் இருக்கிறாள் என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அந்தச் செருப்பு சும்மா கீச்சிடாது. யாராவது மிதிக்க வேண்டும். எலி மிதித்தால் அது கத்துமா?

கடைசிக் கோப்பை அனுப்பினாள். அனுப்பாமல் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்திருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து மூச்சே கேட்கவில்லை. இத்தனை பக்கத்தில் நிற்கும் குழந்தையின் மூச்சு, பாம்புச் செவிக்குக் கேட்காமல் போகுமா? தெரிந்துகொள்ளாமல் எழுந்து திரும்ப அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

தாள் வந்தது. விரல் நுனியில் மகளின் கை. குட்டி உள்ளங்கை, குண்டு விரல்கள், நடக்கப் பழகியபோது கதவிடுக்கில் நசுங்கி வெளிப்பக்கமாக வளைந்து நின்றுவிட்ட சுண்டுவிரல். அதைத் தொட்டதும் அவள் கண்ணில் நீர் முட்டியது.

"உன் கையைக் குடு. இதுல வச்சுப் பாக்கலாம்."

"வேணாம்."

"அம்மாவுக்காக. ஒரே ஒரு தடவை."

ஏதோ ஒன்று தாளின் மேல் வந்து படிந்தது. சில்லென்று இருந்தது. ஈரச் சுவர் மாதிரி இருந்தது.

அவள் தன் விரல்களை அதன் மேல் நகர்த்தினாள். மணிக்கட்டு. உள்ளங்கை. புள்ளிகளைக் காணோம், எல்லாவற்றையும் அது மூடியிருந்தது. விரல் தொடங்கியது. போனது. போய்க்கொண்டே இருந்தது. தாளின் விளிம்பைத் தாண்டியும் முடியவில்லை. சுண்டுவிரல் நேராக இருந்தது.

கத்தக் கூடாது. கத்தினால் பிள்ளை போச்சு.

"அட, எவ்வளவு வளந்துட்ட" என்றாள்.

"ஆமாம்மா" என்றது அது, வாலுவின் குரலில்.

"இங்கயே இரு. அம்மா உனக்குப் பெரிய துணியா எடுத்துட்டு வரேன்."

எழுந்தாள். மேசை முனையிலிருந்து ஒதுங்கினாள். அவர் எழுதிய வரிகள் காலுக்கு வழி சொல்லின. கதவு. கட்டில். தலைமாடு. மரம். தாழ்ப்பாள். பின்னால் சத்தமே இல்லை. சத்தமில்லாமல் அது வருகிறதா, வரவில்லையா? தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

வியர்வை, மூத்திரம், தலை எண்ணெய். அவள் பெற்ற வாசனை.

"ம்மா..." பயத்தில் காலையிலிருந்தே அடைத்துப்போன தொண்டை. காற்றுதான் வந்தது.

மண்டியிட்டு உள்ளே நுழைந்து துழாவினாள். சூடான, நனைந்த, நடுங்கும் சிறு கை. சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். வளைந்திருந்தது. என் தங்கமே, என் உயிரே என்று அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நாள் முழுக்க நீ செருப்பை மிதித்துக் கூப்பிட்டது என் காதில் விழுந்ததே, எலி என்று இருந்துவிட்டேனே பாவி என்று விம்மினாள். "அது என் மாதிரியே பேசுச்சும்மா" என்றாள் வாலு, அவள் காதுக்குள்.

முதுகில் காற்று மாறியது.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

முட்டினாள். மோதினாள். தோள் பிய்ந்ததுதான் மிச்சம். கூடத்தில் இடி இடிக்கத் தொடங்கியது. ஒரு தாள் முடிந்ததும் அடுத்த தாள். அவள் கத்தியதெல்லாம் அதில் கரைந்தது. தொலைபேசி மேசை மேல் கிடந்தது. எவ்வளவு நேரம் போனதோ, கதவின் அடியிலிருந்த விரற்கடை இடுக்கில் காதை வைத்துப் படுத்தபடியே இருந்தாள், பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.

லாரி வந்து நின்ற அதிர்வு தரையில் தெரிந்தது. வாசல் கதவு. அவர் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம்.

"என்ன, இன்னுமா பிரிண்ட் எடுத்துக்கிட்டிருக்க?"

இடி நின்றது.

"வந்துட்டீங்களா?" என்றது ஒரு குரல்.

அவளுடைய குரல். அவள் அவரிடம் மட்டும் இழுத்துப் பேசும் அதே இழுப்பு.

"வாலு எங்க?"

"இப்பத்தான் தூங்குனா."

அவள் எழுந்து இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். "என்னங்க! என்னங்க!" கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வாலு குதித்துக் குதித்துச் செருப்பை மிதித்தாள். கீச். கீச். கீச்.

"அங்க என்ன சத்தம்?" என்றார் அவர்.

"எலிங்க" என்றது அவள் குரல். இடி மறுபடியும் இடிக்கத் தொடங்கியது.