ஒன்பதாவது விளக்கு

சுண்டுவின் அப்பா தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். போன மாதம் அவர் ஒரு பழைய கார் வாங்கினார். காருக்கு வயது பதினெட்டு; சுண்டுவுக்குப் பத்து. வந்த நாள் முதல் காரின் டேஷ்போர்டில் ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதைக் கண்டாலே அப்பா காரை ஓரங்கட்டிவிடுவார்.

விடுமுறைக்கு அத்தை மகன் வந்து சேர்ந்தான். அவன் சுண்டுவைவிட ஒரே ஒரு வயது மூத்தவன். வந்த அன்றே காரின் கையேட்டைப் புரட்டிவிட்டு, "மாமா, இந்தச் சிவப்பு வட்டம் ஹேண்ட் பிரேக். நீங்க முழுசா இறக்கல," என்றான்.

அப்பா இறக்கினார். விளக்கு அணைந்தது.

மறுநாள் வேறொரு விளக்கு எரிந்தது. முன் இருக்கையில் கனத்த தையல் இயந்திரம் ஒன்று வீற்றிருந்தது. "கார் இதை ஆள்னு நினைச்சுக்கிச்சு மாமா," என்று சொல்லி, இயந்திரத்துக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டான். அந்த விளக்கும் அணைந்தது.

"நீ டாக்டர்டா," என்றார் அப்பா.

அவ்வளவுதான். "டாக்டர் சாப்பிட்டாச்சா?" "டாக்டரைக் கேட்காம காரைத் தொடாதீங்க." வீடு முழுவதும் டாக்டர் புராணமாகவே இருந்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சுண்டுவுக்குக் காது சுட்டது. அப்பா வேலை செய்கையில் திருகாணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதுநாள்வரை அவள்தான். இப்போது டப்பாவும் டாக்டர் கைக்குப் போய்விட்டது.

புதன்கிழமை காலை அப்பா ஒரு செய்தி சொன்னார். மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு தையல் ஆலையாம். அங்கே பன்னிரண்டு இயந்திரங்கள் ஓடாமல் நிற்கின்றனவாம்.

"நாளைக்குக் கிளம்பணும். டாக்டரும் கூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

"நான்?" என்றாள் சுண்டு.

"உனக்கு அங்க போரடிக்கும்மா."

அன்று அத்தை மகன் குளிக்கப் போன நேரத்தில் சுண்டு கையேட்டை எடுத்தாள். அவன் சொன்னவற்றில் ஒரு தப்பாவது கிடைக்காதா என்பதே அவள் எண்ணம். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல்தான் கூடியது. ஆனால் அவன் ஒரு முறைகூடச் சொல்லாத ஒன்று அதில் இருந்தது. சாவியை முதலில் திருப்பும்போது எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும். எரிந்தால்தான் அவை உயிரோடு இருக்கின்றன என்று பொருள். படத்தில் ஒன்பது விளக்குகள் இருந்தன.

மாலையில் கடைக்குப் போக அப்பா சாவியைத் திருப்பியபோது, பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணினாள். எட்டுதான் எரிந்தன. மூக்கு நீண்ட எண்ணெய்க் குடுவை போன்ற படம் மட்டும் இருண்டு கிடந்தது. அது என்ஜின் ஆயிலுக்கான விளக்கு. அது எரிந்தால் காரை உடனே நிறுத்த வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இப்போதோ ஆயில் தீர்ந்தாலும் அது எரியாது.

"இப்ப எப்படி இருக்கு டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு விளக்கும் எரியல மாமா. வண்டி கல்லு மாதிரி இருக்கு."

சுண்டு வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். போகட்டும். நடுவழியில் நிற்கட்டும். டாக்டரின் லட்சணம் அப்போது தெரியட்டும். அதை நினைக்க நினைக்கச் சர்க்கரையாக இனித்தது.

காலையில் இனிக்கவில்லை. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அதே மனிதர் யாருமற்ற சாலையோரத்தில் பெட்டியும் கையுமாக நிற்பது சுண்டுவின் கண்ணில் தெரிந்தது. அந்தப் படத்தில் அத்தை மகனைக் காணவே காணோம்; அப்பா மட்டும்தான் நின்றார்.

அவள் கார் அருகே ஓடினாள். அத்தை மகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். 'நீயெல்லாம் ஒரு டாக்டரா?' என்று கேட்க நாக்கு துடித்தது.

"சாவியைத் திருப்பினதும் எத்தனை விளக்கு எரியுது? எண்ணிப் பாரேன்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"எதுக்கு?"

"எண்ணேன்."

அப்பாவிடம் கேட்டுச் சாவியைத் திருப்பினான். எண்ணினான். கையேட்டை விரித்தான், மீண்டும் எண்ணினான். அவன் முகம் வெளுத்தது.

"மாமா, பானட்டைத் திறங்க."

என்ஜினில் ஆயில் அளவைக் காட்டும் நீண்ட கம்பியை அப்பா உருவினார். அதன் நுனியில் ஒரு பொட்டு ஆயில்கூட ஒட்டவில்லை. அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த தெரு மெக்கானிக் அக்கா வந்து டேஷ்போர்டைக் கழற்றினார். "பல்பையே எடுத்துட்டாங்க. ஆயில் குடிக்கிற வண்டின்னு தெரியாம விற்கிறதுக்குச் செஞ்ச வேலை. இப்படியே போயிருந்தீங்கன்னா பாதி வழியில என்ஜின் போயிருக்கும். யார் கண்டுபிடிச்சது?"

அப்பா அத்தை மகனின் தோளில் கை வைத்தார்.

"நான் இல்ல மாமா. சுண்டுதான்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

புது பல்பு போட்டு, ஆயில் ஊற்றி, அப்பா சாவியைத் திருப்பினார். ஒன்பது விளக்குகளும் எரிந்தன. என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒன்பதும் அணைந்தன.

"ரெண்டு பேரும் ஏறுங்க," என்றார் அப்பா. முன் இருக்கையைக் கருவிப் பெட்டி பிடித்துக்கொண்டதால் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

வழியெல்லாம் அப்பா ஓயவில்லை. "எரியாத விளக்கைப் பார்த்திருக்கா பாரு. எம் பொண்ணுடா. கண்ணா அது?"

சுண்டுவுக்கு உச்சி குளிர்ந்தது. பெருமையோடு திரும்பிப் பார்த்தாள். அத்தை மகன் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. காது எப்படிச் சுடும் என்பது இந்த உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு அவன் முழங்கையை இடித்தாள்.

"அந்த மஞ்சள் விளக்கு இருக்கே, பல்சக்கரம் மாதிரி. அது எதுக்கு?"

அவன் மெல்லத் திரும்பினான். "அதுவா? அது பெரிய கதை," என்று தொடங்கினான்.

கையேட்டில் அது நாற்பத்திரண்டாம் பக்கம். சுண்டு அதை இரண்டு முறை படித்திருந்தாள். இருந்தாலும், அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.