தானாகக் கழன்ற ஃபியூஸ்

"நிறுத்துங்க! முதல்ல அந்த லைட்டை அணைங்க...!"

மூடுபனிக்குள்ளிருந்து குரல்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் அவள் வந்தாள். முழங்கால் வரை சேறு, கையில் ஹெல்மெட், பெரிய பெரிய கண்கள் நிறையக் கோபம். அவளுடைய ஸ்கூட்டர் ரோட்டோரப் புதருக்குள் தலைகுப்புறக் கிடந்தது.

காரிலிருந்து இறங்கியவன் பதறிப்போனான்.

"அடி பட்டுடுச்சாங்க? நான் டாக்டர்தான்..."

"எந்த டாக்டர், கண் டாக்டரா? நல்ல தொழில்தான். ரோட்டுல போறவங்க கண்ணை நீங்களே கெடுத்துட்டு, நீங்களே வைத்தியமும் பார்த்துக்கலாம்!"

"இல்லைங்க... மாட்டு டாக்டர்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் சிரிப்பு வருவதைப் போல அவமானம் வேறு உண்டா? சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்கு முன்னால் குனிந்தாள்.

பழைய கார். விடிந்தும் விடியாததுமாகப் பண்ணைகளுக்கு ஓடுகிறவனுக்குப் பனியில் பாதை தெரியவில்லை என்று, போன வாரம்தான் இரண்டு எல்.ஈ.டி. பல்புகளை வாங்கி ஃபாக் லைட்டில் பொருத்தியிருந்தான்.

"இதை யாரு மாட்டினது?"

"நானேதான்" என்றான், பாராட்டை எதிர்பார்த்து.

"அதானே பார்த்தேன்! இந்தக் கூடு பழைய பல்புக்குன்னே செஞ்சது. இதுக்குள்ள எல்.ஈ.டி.யைச் சொருகினா வெளிச்சம் கண்டபடி சிதறும். உங்களுக்குப் பனிதான் வெள்ளையாத் தெரியும், எதிர்ல வர்றவங்களுக்கு அதுவும் தெரியாது. முழு லைட்டையும் மாத்தணும். மாட்டுக்கு ஆட்டுக்காலை வச்சுத் தைப்பீங்களா நீங்க?"

"மாட்டேங்க."

"அப்ப வண்டியைக் கொண்டு வாங்க. மார்க்கெட்டுக்குப் பின்னாடி எங்க சித்தப்பா ஒர்க்‌ஷாப். எலெக்ட்ரிகல் பக்கம் பூரா என் பொறுப்பு."

அந்த 'என் பொறுப்பு' என்பதைச் சொல்லும்போது மட்டும் அவள் கொஞ்சம் நிமிர்ந்து நின்றாள். அவன் அதைக் கவனித்தான். புதருக்குள் இறங்கி ஸ்கூட்டரை இழுத்துக் கொடுத்தபோது முள் கீறியதைத்தான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை போனான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பம்பரில் ஒரு துளைகூடப் போடாமல், அடியில் ஒரு பட்டையைப் பொருத்தி, புது எல்.ஈ.டி. விளக்குகளை அதில் மாட்டினாள். பேட்டரியிலிருந்து தனி வயர், ரிலே, ஒரு குட்டிக் கூட்டுக்குள் ஃபியூஸ். வயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் கட்டும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். அதைப் பார்ப்பதற்காகவே அந்த வேலை முடியக்கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டான்.

"சீட்ல உட்காருங்க. ஆள் உட்கார்ந்தா வண்டி கொஞ்சம் தாழும், அப்பதான் லைட்டைச் சரியா நிறுத்த முடியும்."

உட்கார்ந்தான். ஷட்டரை இறக்கினாள், உள்ளே இருள் சூழ்ந்தது. எதிர்ச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. வெளிச்சம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதாம். சுவரோரம் அவள் மண்டியிட்டு உட்கார, மஞ்சள் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. கூந்தலில் மழைத்துளி ஒன்று இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது...

"எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு."

"லைட்டைக் கேட்டேன்."

"நானும்... லைட்டைத்தாங்க சொன்னேன்."

பாவம், பொய் சொல்லத் தெரியாத முகம். காதெல்லாம் சிவந்துவிட்டது. அவள் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய திருகை இன்னொரு தடவை இறுக்கினாள்.

வேலை முடிந்தது. வண்டி வீடு வந்தது. அதோடு கதையும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. முரட்டுக் காளையைக் கூடத் தட்டிக் கொடுத்து வசப்படுத்தத் தெரிந்தவனுக்கு, ஒரு பெண்ணிடம் போய் 'உங்களைப் பார்க்க வந்தேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன காரணம் சொல்லிப் போவது? கடைத் தெருமுனையில் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்தான். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"லைட் எரியலைங்க..."

அவள் குனிந்து பார்த்தாள். "ஃபியூஸ்தான்" என்று வேறொன்றைப் போட்டாள். தேநீர் கொடுத்தாள். அரை மணி நேரம் சினைப்பசுக்களைப் பற்றியும் அவன் முதன்முதலில் உதை வாங்கிய கழுதையைப் பற்றியும் பேசிச் சிரித்தார்கள்.

அடுத்த வாரமும் லைட் எரியவில்லை. அதற்கடுத்த வாரமும். அவள் ஒவ்வொரு தடவையும் "ஃபியூஸ்தான்" என்பாள். அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தன்னைப் போலக் கெட்டிக்காரன் உண்டா என்றுகூட நினைத்துக்கொண்டான்.

நான்காம் தடவை போனபோது அவள் வண்டிப் பக்கம் இல்லை. கல்லா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தாள். கண் இமைகள் கனத்துச் சிவந்திருந்தன. சித்தப்பாதான் எதிரே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். ஒரே வண்டி இத்தனை தடவை திரும்பி வந்தா கடை பேரு என்னாகும்? அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னா வயரிங்ல கோளாறுதான். நேத்தே பாப்பாகிட்ட சொல்லிட்டேன், திங்கட்கிழமைலேர்ந்து வேற ஆள் வர்றான். பாப்பா இனிமே கல்லாவைப் பார்த்துக்கட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். என் பொறுப்பு என்று நிமிர்ந்து நின்றவள் அல்லவா! அந்த நிமிர்வைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் இந்த வாசலை இனி மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால்...? அவன் யோசிக்கவில்லை.

பையில் கை விட்டான். நான்கு ஃபியூஸ்களையும் மேஜைமேல் வைத்தான். எல்லாம் புத்தம் புதிதாக, ஒன்றுகூட எரியாமல் இருந்தன.

"வயரிங்ல எந்தக் கோளாறும் இல்லைங்க. ஒவ்வொரு தடவையும் தெருமுனையில நிறுத்தி நான்தான் பிடுங்கினேன்."

"ஏன்யா? என் கடை மேல உனக்கு என்ன விரோதம்?" டாக்டர் மரியாதை எல்லாம் காற்றில் பறந்துவிட்டது.

"விரோதம் இல்லைங்க... உங்க பொண்ணு மேல ஆசை." அவள் பக்கம் திரும்பினான். "உங்களைப் பார்க்காம இருக்க முடியலை. நேரா சொல்லத் தைரியமும் இல்லை. அதுக்கு உங்க வேலையைப் பலி கொடுத்துட்டேன். என்னைத் திட்டுங்க, அடிங்க, இனிமே வராதேன்னு சொல்லுங்க. ஆனா அந்த வேலையை விடாதீங்க."

சித்தப்பாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "கேட்டியா பாப்பா கூத்தை?"

"எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும் சித்தப்பா."

"என்னது!"

"கூட்டோட மூடி நல்லா மூடியிருக்கு, உள்ள ஃபியூஸ் மட்டும் இல்லை. ஃபியூஸ் எரிஞ்சு போகும், எழுந்து போகுமா?"

திருதிருவென்று விழித்தவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே? உன் இடமே போகப் போகுதே?"

"நானே சொல்லி என் இடத்தைக் காப்பாத்திக்க எவ்வளவு நேரமாகும் சித்தப்பா? என் வேலைக்கு ஒண்ணுன்னா இவர் என்ன பண்றாருன்னு பார்க்கணும்னு இருந்துச்சு. வாயைத் திறக்கலைன்னா எனக்கு இந்த ஆளும் வேண்டாம், இந்த ஆசையும் வேண்டாம்னு..."

அத்தனை நேரம் தாங்கிக்கொண்டிருந்த கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. சித்தப்பா அவசர அவசரமாக ஒரு ஸ்பேனரைத் தேடிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.

அவன் ஓரடி முன்னால் வந்தான். "அப்ப... அந்த ஆசை... உங்களுக்கும்...?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமும் நாணமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அந்த முகத்தில் நின்றன.

"நேத்து ராத்திரியெல்லாம் தூங்கலை நான்... வேலை போயிடுமேன்னு இல்லை. நீங்க சொல்லாமலே போயிடுவீங்களோன்னு."